ஹெலிகாப்டர் இல்லாத மலை

பிப்ரவரி 11

அண்ணா,

அம்மா சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கிளம்பிய நாளிலிருந்து அம்மா என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. "வழியனுப்பக்கூட வரல, இவளெல்லாம் ஒரு தங்கச்சி" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறாள். விழட்டும்.

கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். வசதியான நாட்டு ராணுவம் ஒன்று வசதியில்லாத நாட்டு ராணுவத்துக்குச் சுடச் சொல்லிக் கொடுக்கிறது. சுடுகிறவனும் ஏழை வீட்டுப் பிள்ளை, சுடப்படுகிறவனும் ஏழை வீட்டுப் பிள்ளை. நடுவில் நீ. "ராணுவ ஆலோசகர்" என்று பெயர் வேறு. எங்கள் தையல் ஆலைக்கும் வருடத்துக்கு ஒரு ஆலோசகர் வருகிறார். இஸ்திரி கலையாத சட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு ஐந்து நிமிடம் உட்காரமாட்டார். போகும்போது எங்கள் கழிப்பறை நேரத்தைக் குறைத்துவிட்டுப் போவார். ஆலோசகர் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

நீ அப்படியில்லை என்று நீயே சொல்லிக்கொள்ளாதே. அங்கே என்ன செய்கிறாய் என்று எழுது. பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

தங்கச்சி


மார்ச் 2

வாயாடி,

கடிதம் ரேஷன் லாரியில் அரிசி மூட்டைக்கு நடுவே வந்தது. இங்கே தொலைபேசிக்கு அனுமதி இல்லை. திட்டு வாங்கவாவது காகிதம் வருகிறதே, சந்தோஷம்.

நாங்கள் நான்கு பேர். மலை மேல் ஒரு காவல் முகாம். மண் மூட்டைச் சுவர், தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே போகும் ஒரே சாலைக்கு ஒரு படைப்பிரிவு காவல். எதிரிகள் அந்தச் சாலையை அறுத்துவிட்டால் மேலே இருக்கும் மூன்று ஊர்களுக்கு மாவும் மருந்தும் போகாது. நான் கற்றுக்கொடுப்பது அந்தப் படைப்பிரிவுக்கு. இதில் ஏழையைச் சுடும் ஏழை எங்கே இருக்கிறான் என்று நானும் தேடுகிறேன். இருக்கிறான்தான். மறுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், என் பிரச்சினை நீ சொல்கிற அளவுக்குப் பெரியது இல்லை. இவர்களுக்கு எதுவும் ஏறவில்லை. அவ்வளவுதான். துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் பாடம். முதல் வாரப் பாடம். நான்காவது வாரமும் அதையே நடத்துகிறேன். ஸ்பிரிங்கைத் தவற விடுகிறார்கள். போல்ட்டைத் தலைகீழாகச் செருகுகிறார்கள். செருகிவிட்டு என்னைப் பார்த்து, "விருந்தாளி, இது சரியா?" என்று கேட்கிறார்கள். இங்கே என் பெயர் விருந்தாளி. கேட்கும்போது முகத்தில் அவ்வளவு மரியாதை. அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

இவர்களுடைய கேப்டன் என்னைவிடச் சின்னவன். மரத்தடியில் நின்று பார்ப்பான். வாயே திறக்கமாட்டான். எங்கள் கர்னல் தலைமையகத்தில் ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார். பாடம் முடிந்தால் கட்டம் பச்சையாகும். என் கட்டம் இன்னும் சிவப்பு. "என்னய்யா பண்றீங்க அங்க, பிக்னிக்கா?" என்று வானொலியில் கேட்கிறார்.

ஒரே ஆறுதல், பாஷை கொஞ்சம் வருகிறது. மொழிபெயர்ப்பாளரைத் தவிர்த்துவிட்டு நானே சமையலறையில் போய் உட்கார்ந்து கற்கிறேன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று பேசுகிறேன்.

அம்மாவுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நீ ராணுவத்தில் இத்தனை வருடம் என்ன கற்றாய்? அவர்கள் நடிக்கிறார்கள்.

சொல்கிறேன் கேள். எங்கள் லைனில் நான் காலர் வைக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஆலோசகர் பின்னால் வந்து நின்றால் மட்டும் எனக்குக் காலரே தெரியாது. நூல் அறும். ஊசி உடையும். பக்கத்து மெஷினில் இருக்கிறவள், "ஐயோ சார், இது ரொம்பக் கஷ்டமான பீஸ் சார்" என்பாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதுவார். ஏன் தெரியுமா? அவர் முன்னால் வேகமாகத் தைத்தால் மறுநாளிலிருந்து அந்த வேகம்தான் டார்கெட். தெரியும் என்று காட்டுவதால் எனக்கு நஷ்டம். அதனால் எனக்குத் தெரியாது. முடிந்தது கதை.

துப்பாக்கி பிடித்து வருடக்கணக்காக மலையில் உயிரோடு இருக்கிறவனுக்கு ஸ்பிரிங் மாட்டத் தெரியாதா? உனக்கு முன்னால் எத்தனை ஆலோசகர்கள் அங்கே வந்து போனார்கள்? ஒவ்வொருவனும் முதல் பாடத்திலிருந்துதானே ஆரம்பித்திருப்பான்? யாராவது ஒருவன், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டானா?

நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கற்றுக்கொண்டுவிட்டதாகக் காட்டினால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? அதைக் கண்டுபிடி.

முக்கியமான விஷயம், அவர்கள் மேல் கோபப்படாதே. நாங்கள் நடிக்கிறோம் என்று தெரிந்த நாளில் ஒரு சூப்பர்வைசர் கோபப்பட்டார். இன்றுவரை அந்த ஆளிடம் யாரும் ஒரு உண்மையும் சொல்வதில்லை.

தங்கச்சி

தைலம் வாங்கினேன். வாசனை பிடிக்கவில்லையாம்.


ஏப்ரல் 8

வாயாடி,

உன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். ஆனால் முதலில் நான் இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தப் பிரிவில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். படையில் சேருவதற்கு முன் இறைச்சிக் கடையில் இருந்தவர். அதனால் பெயர் கசாப்பு. அவரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரும் அரைகுறைப் பேச்சில், "என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. நீங்க எல்லாரும் நல்ல நடிகர்கள்னு எழுதியிருக்கா" என்றேன்.

கசாப்பு கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெங்காயத்தால் வந்த கண்ணீரா சிரிப்பால் வந்ததா தெரியவில்லை. வெளியே கத்தி ஒரு பையனைக் கூப்பிட்டார். இந்தப் பையன்தான் என் வகுப்பிலேயே மக்கு. தினமும் ஸ்பிரிங்கைத் தொலைப்பவன். அவன் என்னோடு வானிலை பேசிக்கொண்டே துப்பாக்கியைக் கழற்றினான். என் முகத்தைப் பார்த்தபடியே மாட்டினான். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு விருந்தாளிங்க இதே பாடம்தான் நடத்தினாங்க" என்றார் கசாப்பு. "நீங்க ஆறாவது. ஒவ்வொருத்தர் முகமும் அவ்வளவு ஆசையா இருக்கும். எப்படிச் சொல்றது?"

"அதுக்காகவா?"

"பயிற்சி நாள்ல இறைச்சி உண்டு. அதுவும்தான்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூரைக்கு மேலே கையைக் காட்டினார். வானத்தை.

அப்புறம்தான் புரிந்தது. எங்கள் வானொலியில் சொன்னால் எங்கள் ஹெலிகாப்டர் வரும். அடிபட்டவனை அரை மணியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். அது எங்களுக்காக வருவது. நாங்கள் இருக்கும்வரைதான் வரும். இவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கட்டம் பச்சையானால் நாங்கள் போய்விடுவோம், அதுவும் போய்விடும். போன வருடம் இரண்டு குழுக்களுக்கு நடுவே ஆலோசகர் இல்லாத காலத்தில் ஒரு தாக்குதல். நான்கு பேர் அடிபட்டு மண் தரையில் கிடந்திருக்கிறார்கள். கீழே கொண்டு போக வழி தெரியாமல், மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு பேரும் செத்திருக்கிறார்கள். கசாப்பு ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். வயதையும் சொன்னார்.

மக்காக இருந்தால் உயிரோடு இருக்கலாம். இதுதான் அவர்களுக்குக் கிடைத்த பாடம். அதைக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

அன்று கேப்டனிடம் நேராகப் போய்க் கேட்டேன். "உங்களுக்கு எது தெரியாது?" அவன் முதல் முறையாக என்னோடு முழு வாக்கியம் பேசினான். "இதைக் கேக்க உங்க ஆளுங்களுக்கு இவ்வளவு நாள் ஆச்சு."

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

படித்துவிட்டு வேலையில் கை ஓடவில்லை. லைனில் எல்லாரிடமும் சொன்னேன். அந்த நான்கு பேரை நினைத்து எங்கள் மெஷின் பெண் ஒருத்தி அழுதாள். யாரென்றே தெரியாதவர்களுக்காக.

ஹெலிகாப்டரைக் காட்டி மனிதனை முட்டாளாக்கி வைத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் பயிற்சி.

சரி. தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்யப் போகிறாய்? கர்னலுக்கு அறிக்கை எழுதிவிட்டு "நான் சொன்னேன்" என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதே. நீ எப்போதுமே நல்ல பையன், மேலே இருக்கிறவர் சொன்னால் தலையாட்டுகிறவன். கட்டத்தைப் பச்சையாக்கினால் உனக்குப் பதவி உயர்வு, அவர்களுக்குப் பாடை. ஆக்காவிட்டால் உனக்குக் கரும்புள்ளி. எது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். செய்துவிட்டு எழுது.

தங்கச்சி


மே 20

வாயாடி,

செய்துகொண்டிருக்கிறேன். முதலில் கெடுத்தேன், அதையும் எழுதுகிறேன்.

துப்பாக்கிப் பாடத்தை நிறுத்திவிட்டேன். கேப்டன் கேட்டது ஒரே வேலை: அடிபட்டவனை ஹெலிகாப்டர் இல்லாமல் கீழே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. தூக்கிப் பார்த்தோம். முகாமில் வண்டி இல்லை, தாக்குதல் வந்தால் முதலில் அடைபடுவது சாலைதான்; மிச்சம் இருப்பது செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நான்கு பேர் தூக்கினால் பாதி வழியில் நான்கு பேருக்கும் நாக்குத் தள்ளிவிடுகிறது. பாதி வழியில்தான் போலீஸ் சாவடி. அங்கே ஆள் இருக்கிறது, ஜீப் இருக்கிறது. அங்கிருந்து அவர்கள் வாங்கிக்கொண்டால் போதும். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் படைக்காரனும் போலீஸ்காரனும் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சாவடி இன்ஸ்பெக்டரும் கேப்டனும் பேசி ஒரு வருடம் இருக்கும். நான் என்ன செய்தேன்? மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வாங்கி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினேன். அவர் அதைப் படித்துவிட்டு ஜீப்பின் சக்கரங்களைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். "ஜீப் ரிப்பேர்" என்று பதில் வந்தது. கசாப்பு தலையில் அடித்துக்கொண்டார். "விருந்தாளி, நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? செத்த நாலு பேர்ல ஒருத்தன் இன்ஸ்பெக்டரோட தம்பி."

தம்பி மேலே செத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஜீப்போடு கீழே இருந்திருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லாரும் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தார்கள்.

நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பினேன். கேப்டன் பாதையில் குறுக்கே நின்றான். "நீங்க வராதீங்க. நீங்க வந்தா நீங்க இழுத்துட்டு வந்ததா ஆயிடும். அவர் என்னைத்தான் அடிக்கணும்."

போகவிட்டேன். என் வேலையிலேயே கஷ்டமானது இதுதான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகாமில் சும்மா உட்கார்ந்திருப்பது. போய்ப் பேசினால் என்னால் நன்றாகப் பேச முடியும். அதனால்தான் போகக்கூடாது.

மதியம் போனவன் பொழுது சாயும்போது வந்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. உதடு கிழிந்திருந்தது. "சக்கரத்தை மாட்டறாங்க" என்றான். கசாப்பு கட்டுப் போட்டுவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து போலீஸ்காரர்கள் வந்து எங்களோடு தூக்கிப் பழகுகிறார்கள். நான் நினைத்த மாதிரி தூக்குவதில்லை. கயிற்றைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, ஒழுங்கே இல்லாமல். நான் சொல்லிக்கொடுத்த முறையில் பெரிதாக ஒரு குறையும் இல்லை, அது அவர்களுடையது இல்லை என்பதைத் தவிர. வாயை மூடிக்கொண்டேன்.

கர்னல் கூப்பிட்டார். "பாடத்திட்டத்துல இல்லாததை யார் நடத்தச் சொன்னது?" என்றார். "அவங்க சொன்னாங்க சார்" என்றேன். அது கிடக்கட்டும் என்று விஷயத்துக்கு வந்தார். ஜூலையோடு இந்தத் திட்டத்தையே மூடுகிறார்களாம். அடுத்த குழு கிடையாது. ஹெலிகாப்டரும் கிடையாது. இது இன்னும் இவர்களுக்குத் தெரியாது. நாளை நான் சொல்லப் போகிறேன். சொல்லக்கூடாது என்று உத்தரவு.

அண்ணன்


ஜூன் 6

அண்ணா,

சொன்னாயா? சொல்லியிருப்பாய். சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்குப் புகழத் தெரியாது. அம்மாவிடம் கற்றது அது. ஆனால் ஒன்று எழுதுகிறேன். எங்கள் ஆலைக்கு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஒருவருக்காவது, தான் கெடுத்ததைத் தானே சொல்லி, வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை. நம் வீட்டில் ரிமோட்டைக்கூட அடுத்தவரிடம் கொடுக்காத ஆள் நீ. உனக்கு எங்கிருந்து வந்தது இது?

போருக்கு ஆள் தயார் செய்வதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. அதில் மாற்றம் இல்லை. ஆனால் அடிபட்டவனைத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறவனை நான் திட்ட முடியாது. திட்டப் பார்த்தேன், வரவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணா. இரும்புத் தொப்பியைக் கழற்றாதே.

தங்கச்சி

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறாய் என்கிறாள். "திட்டறேன்" என்றேன். "நல்லா திட்டு" என்றாள். கண் துடைத்துக்கொள்கிறாள்.


ஜூலை 3

வாயாடி,

சொன்னேன். எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. மக்குப் பையன் மட்டும், "அப்ப இனிமே இறைச்சி கிடையாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கேப்டன் எழுந்து, "நாளைக்கு விடியறதுக்குள்ள மறுபடியும் தூக்கிப் பாக்கறோம்" என்றான். அவ்வளவுதான்.

போன வாரம் சாலையில் கண்ணிவெடி. காலை நேரம், பனிமூட்டம், கை நீட்டினால் விரல் தெரியாது. அடிபட்டது அந்த மக்குப் பையன். கால். நான் வானொலியை எடுத்தேன். நாங்கள் இன்னும் இருக்கிறோமே. ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்றார்கள். மறுபடியும் கேட்கலாமா என்று நான் வானொலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேப்டன் என்னைத் தாண்டிப் போனான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கசாப்பு ஏற்கெனவே ரத்தத்தை நிறுத்திக் கட்டியிருந்தார். கீழே சாவடிக்குச் செய்தி போய்விட்டது.

"விருந்தாளி, சும்மா நிக்காதீங்க. அந்த மூலையைப் பிடிங்க" என்று கசாப்பு கத்தினார். பிடித்தேன். நான் முதல் திருப்பத்திலேயே வழுக்கினேன். "பாத்துக் கால் வைங்க, எருமை" என்று ஒருவன் திட்டினான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தூக்கினேன். பாட்டு எனக்குத் தெரியாததால் அடி மாறிப் போனது. அடுத்த ஆள் என் தோளைத் தட்டி என்னை விலக்கிவிட்டு அந்த மூலையை எடுத்துக்கொண்டான். சரியாகச் செய்தான்.

சாவடியில் இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பையனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் பனிக்குள் போனது.

பாதம் போய்விட்டது. பையன் இருக்கிறான்.

என் அறிக்கையில் பாடத்திட்டம் முடிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. நாளை மறுநாள் மலையை விட்டு இறங்குகிறோம். ஊருக்கு விமானம் கிடைக்கும்வரை தலைநகரத்தில் இடைமுகாம். நான் போன பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் போவதுதான் உறுத்துகிறது. இந்த ஏற்பாடு ஒரு தடவை ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓடியதா?

அண்ணன்


ஆகஸ்ட் 9

வாயாடி,

இன்னும் இடைமுகாமில்தான். விமானம் இன்று வரும், நாளை வரும் என்கிறார்கள். குளிர்சாதன அறை, பிளாஸ்டிக் தட்டில் சாப்பாடு, சுவரில் கர்னலின் திரை. என் மலை அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வெறும் இடம்.

இன்று வாசலில் அந்தப் பழைய ரேஷன் லாரி டிரைவரைப் பார்த்தேன். உன் கடிதங்களைக் கொண்டுவந்தவர். சிகரெட் கேட்டார், கொடுத்தேன். மேலே எப்படி இருக்கிறது என்றேன்.

"நடுவுல ஒரு நாள் பெரிய அடிதடிதான்" என்றார், பருவமழை பற்றிச் சொல்கிற மாதிரி. "முகாமை ரெண்டு பக்கமும் அடிச்சாங்க. அஞ்சு பேருக்குக் காயம். அஞ்சு பேரும் ஆஸ்பத்திரில இருக்காங்க. நான் பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும். அதுல ஒருத்தன் போலீஸ்காரன். உதவிக்கு மேல ஏறி வந்தவன். படைக்காரனுங்கதான் அவனைத் தூக்கிட்டு இறங்கினானுங்க."

"எப்ப நடந்தது?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டு வாரமா! தலைநகரத்தில் இருக்கிறேன் என்று கேப்டனுக்குத் தெரியும். கசாப்புக்குத் தெரியும். "ஏன் எங்களுக்கு யாருமே சொல்லல? வானொலில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அவரிடம் எகிறினேன்.

டிரைவர் புகையை விட்டுவிட்டு என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

கிண்டல் இல்லை. கேள்விதான். அவர் லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். முதலில் மனசு சுருங்கிப் போயிருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்து, "லாட்டரி விழுந்துச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். கர்னலிடம் சொன்னால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்பார். அதனால் உனக்கு எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

கசாப்பு எனக்கு ஒரு விசாரிப்புகூடச் சொல்லி அனுப்பவில்லை. வேலை இருந்திருக்கும்.

அண்ணன்